எல் நினோவைக் கணிப்பது எப்படி, அதைக் கொண்டு உலக வெப்பநிலையைக் கணக்கிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1982-ஆம் ஆண்டின் பிற்பாதியில், அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று பசிபிக் பெருங்கடலில் வளர்ந்துகொண்டிருந்தது. எல் நினோ என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலநடுக்கோட்டுப் பசிபிக்கின் நடுப்பகுதியும் கிழக்கும் இயல்பைவிடச் சூடாவது. கடல் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை. அவ்வாண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்து, வானத்தின் உயர் அடுக்கில் கந்தகத் துகள்களைப் பரப்பியிருந்தது. அந்தத் திரையின் வழியே கடலைப் பார்த்த செயற்கைக்கோள்கள், கடல் உள்ளதைவிடக் குளிர்ந்திருப்பதாகக் காட்டின. விஷயம் தெரியவந்தபோது பெருவிலும் ஈக்வடாரிலும் வெள்ளம், இந்தோனேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கடும் வறட்சி.

அந்த அவமானம்தான் இன்றைய கணிப்பு முறைக்கு வித்திட்டது. 1985 முதல் 1994 வரை நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வுத் திட்டத்தின் கீழ், பசிபிக்கின் நிலநடுக்கோட்டை ஒட்டி சுமார் 70 மிதவைகள் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டன. அவை அளப்பதை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஓர் எக்ஸெல் தாளும் பள்ளிக்கூடக் கணக்கும் இருந்தால், நாமே ஒரு கணிப்பைச் செய்து பார்க்க முடியும். நிபுணர்களை மிஞ்சிவிடப் போவதில்லை. ஆனால் "அடுத்த ஆண்டு உலகமே கொதிக்கும்" என்றோ "இனி உலகம் குளிரத் தொடங்கிவிட்டது" என்றோ ஒரு செய்தி வரும்போது அதை எடைபோடும் திறமை கைக்கு வந்துவிடும்.

தொடங்கும் முன்: இரண்டு கணக்குகளைக் கலக்காதீர்கள்

பூமியின் சராசரி வெப்பநிலை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில் இரண்டு வேறுபட்ட விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பசுமைக்குடில் வாயுக்களால் பூமியில் சேர்ந்துகொண்டே போகும் வெப்பம். அதில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது. இன்னொன்று, ஏற்கெனவே கடலில் இருக்கும் வெப்பம் சில ஆண்டுகளில் காற்றுக்கு வருவதும், சில ஆண்டுகளில் உள்ளே போய் ஒளிந்துகொள்வதும். பெட்டியில் இருக்கும் பணத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தால் கை தாராளமாகத் தெரியும். வருமானம் கூடிவிட்டதாக ஆகாது. எல் நினோ செய்வது அந்த இடமாற்றத்தைத்தான். லா நினா அதன் மறுபக்கம்: அதே கடற்பகுதி இயல்பைவிடக் குளிர்வது.

இதனால்தான் 1998-இன் பெரிய எல் நினோ அன்றைக்கு உலக வெப்பநிலையில் புதிய உச்சத்தைத் தொட்டும், 2022 போன்ற ஓர் ஆண்டு அதை எளிதாகத் தாண்டிவிட்டது. 2022-இல் நடந்துகொண்டிருந்தது மூன்று ஆண்டுகள் நீடித்த லா நினா. கடல் வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த காலம். அப்படியும் அது தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.15 டிகிரி மேலே இருந்தது.

படி 1: எதைக் கணிக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

"எல் நினோ வருமா?" என்பது கணிக்கக்கூடிய கேள்வி அல்ல. எந்தக் கடற்பகுதி, எத்தனை டிகிரி, எத்தனை மாதம் என்று சொன்னால்தான் அது கேள்வியாகிறது. பெரும்பாலோர் பயன்படுத்துவது நினோ 3.4 என்ற பகுதி: நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 5 டிகிரி, மேற்குத் தீர்க்கரேகை 170 முதல் 120 வரை. அங்கே கடலின் மேற்பரப்பு வெப்பநிலை இயல்பைவிட எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, மூன்று மாதச் சராசரி எடுக்கிறார்கள். அந்தச் சராசரி தொடர்ந்து ஐந்து முறை 0.5 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா அதை எல் நினோ என்று வரலாற்றுப் பட்டியலில் சேர்த்து வந்தது. மைனஸ் 0.5-உம் அதற்குக் கீழும் என்றால் லா நினா.

ஆனால் எல்லோரும் இதே வரம்பை வைத்துக்கொள்வதில்லை. ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையம் 0.8 டிகிரியை வரம்பாக வைத்திருந்தது. காற்றும் அழுத்தமும் மாறியிருக்க வேண்டும் என்றும் எதிர்பார்த்தது. அதனால் 2023-இல் நோவா ஜூன் மாதமே எல் நினோ வந்துவிட்டதாக அறிவிக்க, ஆஸ்திரேலியர்கள் செப்டம்பர் வரை வாய் திறக்கவில்லை. இரு தரப்பும் பார்த்தது ஒரே கடலைத்தான். பெரு நாட்டுக்காரர்களுக்கோ தங்கள் கரையோரக் கடல்தான் முக்கியம். 2017 மார்ச்சில் அந்தக் கரையோரம் மட்டும் கொதித்து வட பெருவை வெள்ளம் சூறையாடியபோது, நினோ 3.4 சமநிலையில், அதாவது எல் நினோவும் லா நினாவும் இல்லாத நிலையில், இருந்தது.

எனவே தாளின் முதல் வரியில் இப்படி எழுதுங்கள்: "நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதச் சராசரியில் நினோ 3.4 விலகல் 0.5-ஐ எட்டும் வாய்ப்பு எவ்வளவு?" எல் நினோவும் லா நினாவும் பெரும்பாலும் ஆண்டு இறுதியில்தான் உச்சத்தை அடைகின்றன என்பதால் இந்த மூன்று மாதங்கள்.

படி 2: "இயல்பு" எது என்று கேளுங்கள்

விலகல் என்றால் எதிலிருந்து விலகல்? வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு 30 ஆண்டுகளை இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. உலக வெப்பநிலையிலும் இதே குழப்பம்: நாசா 1951–1980-ஐ அடிப்படையாக வைக்கிறது, பிரிட்டனின் ஹேட்கிரட் என்ற வெப்பநிலைத் தொகுப்பு 1961–1990-ஐ வைக்கிறது, பாரிஸ் ஒப்பந்தம் பற்றிய பேச்செல்லாம் 1850–1900-ஐ ஒட்டி நடக்கிறது. இரண்டு இடத்திலிருந்து எடுத்த எண்களை ஒரே தாளில் போட்டுவிட்டு "வெப்பம் திடீரென ஏறிவிட்டது" என்று அலறுபவர்களில் பாதிப் பேர் இந்த அடிப்படை ஆண்டைக் கவனிக்காதவர்கள். மீதிப் பேர் கவனித்தும் சொல்லாதவர்கள்.

இன்னும் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. வெப்பமண்டலக் கடல் முழுவதுமே சூடாகிக்கொண்டிருப்பதால், நினோ 3.4-இன் விலகலும் எல் நினோ இல்லாமலேயே மெல்ல ஏறும். காற்று மண்டலத்துக்கோ அந்தப் பகுதி சுற்றியுள்ள கடலைவிட எவ்வளவு சூடு என்பதுதான் முக்கியம். அதனால் வெப்பமண்டலக் கடலின் சராசரி விலகலைக் கழித்துவிட்டுப் பார்க்கும் ஒப்பீட்டுக் குறியீடு ஒன்றையும் இப்போது வெளியிடுகிறார்கள். 2023–24 எல் நினோ வழக்கமான குறியீட்டில் சுமார் 2 டிகிரியைத் தொட்டு மிக வலிமையானதாகத் தெரிந்தது. ஒப்பீட்டுக் குறியீட்டில் அது அதைவிடக் கணிசமாகச் சிறியது. இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மேற்பரப்பை விட்டு அடியில் பாருங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். காற்றுக்கு நினைவு கிடையாது. பத்து, பதினைந்து நாளில் எல்லாம் மறந்துபோகும். மாதக்கணக்கில் கணிக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் கடலின் அடியில் சேர்ந்திருக்கும் வெப்பம்.

சாதாரண காலத்தில் பசிபிக்கின் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசி, சூடான நீரை இந்தோனேசியப் பக்கமாகத் தள்ளிக் குவிக்கிறது. அங்கே கடல் மட்டமே தென் அமெரிக்கக் கரையைவிட அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கும். மேலே உள்ள சூடான நீருக்கும் கீழே உள்ள குளிர்ந்த நீருக்கும் நடுவில், வெப்பநிலை சட்டென்று விழும் அடுக்கைத் தெர்மோக்ளைன் என்கிறார்கள். மேற்கில் அது 150 மீட்டருக்கும் கீழே கிடக்கும். கிழக்கில் சில பத்து மீட்டர் ஆழத்திலேயே வந்துவிடும். அதனால்தான் பெருவின் கரையில் குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது, நெத்திலி கொழிக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டிய எண், நிலநடுக்கோட்டுப் பசிபிக்கில் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும் நீரின் மொத்தக் கொள்ளளவு. ஆங்கிலத்தில் இருந்தாலும் "வார்ம் வாட்டர் வால்யூம்" என்று தேடினால் நேராகக் கிடைக்கும். கடல் ஆய்வாளர்கள் மைனெனும் மெக்ஃபேடனும் 2000-ஆம் ஆண்டில் காட்டியது இதுதான்: இந்தக் கொள்ளளவு கூடினால், ஏறத்தாழ அரை ஆண்டு கழித்து மேற்பரப்பும் சூடாகிறது. எல் நினோ வந்து முடியும்போது அந்த வெப்பம் நிலநடுக்கோட்டை விட்டு வடக்கும் தெற்குமாக வடிந்துவிடும். அடியில் குளிர்ந்த நீர் மேலேறி நிற்கும். 1997–98-க்குப் பின்னும் 2015–16-க்குப் பின்னும் லா நினா வந்ததற்கு இதுவே காரணம். வெப்பம் நிறைவதும் வடிவதுமான இந்த இயக்கத்தை 1997-இல் ஃபெய்-ஃபெய் ஜின் சில எளிய சமன்பாடுகளில் அடக்கிக் காட்டினார்.

செய்ய வேண்டியது: நிலநடுக்கோட்டு நெடுக வரைந்த வெப்பநிலைக் குறுக்குவெட்டுப் படத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். நோவா திங்கட்கிழமைகளில் புதுப்பிக்கிறது. 100, 150 மீட்டர் ஆழத்தில் சிவப்புக் குமிழி ஒன்று மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தால், அது கெல்வின் அலை. கடலைக் கடக்க அதற்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதே அலையைக் கடல் மட்டத்தை அளக்கும் செயற்கைக்கோள் படங்களிலும் சில சென்டிமீட்டர் மேடாகக் காணலாம். ஆர்கோ என்ற தானியங்கி மிதவைகள், உலகம் முழுவதும் நாலாயிரம் அளவில், பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை மூழ்கி எழுந்து கொடுக்கும் அளவுகளும் இந்தப் படங்களுக்குள் போகின்றன.

படி 4: காற்று ஒத்துழைக்கிறதா?

அடியில் வெப்பம் இருப்பது மட்டும் போதாது. மேற்குப் பசிபிக்கில் வியாபாரக் காற்று தளர்ந்து, சில சமயம் திசை திரும்பி, மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீச வேண்டும். அப்படி வீசினால் சூடான நீர் கிழக்கே நகரும். கிழக்கு சூடானால் மழை மேகங்களும் கிழக்கே நகரும். மேகம் நகர்ந்தால் காற்று இன்னும் தளரும். ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் இந்தச் சுற்றை 1969-இல் விளக்கியவர் ஜேக்கப் பியர்க்னெஸ்.

அதன் அழுத்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தது நம் ஊர்க் கதை. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் உருக்குலைந்தது. 1899-இல் மீண்டும் பருவமழை பொய்த்தது. 1904-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி உலகம் முழுவதிலிருந்தும் அழுத்த அளவுகளைச் சேகரித்தார். பசிபிக்கில் அழுத்தம் கூடும்போது இந்தியப் பெருங்கடலில் குறைகிறது, அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது என்ற ஊசலாட்டம் அவருக்குத் தென்பட்டது. பருவமழையைக் கணிக்கும் ஆசை அவருக்கு நிறைவேறவில்லை. ஆனால் தெற்கு ஊசலாட்டம் என்று அவர் பெயரிட்டது இன்று என்சோ (எல் நினோ–தெற்கு ஊசலாட்டம்) என்ற பெயரின் பாதியாக நிற்கிறது.

இன்று அதை டஹிட்டிக்கும் டார்வினுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டால் அளக்கிறோம். ஆஸ்திரேலிய அளவுகோலில் அது தொடர்ந்து மைனஸ் 7-க்குக் கீழே இருந்தால் எல் நினோவின் அடையாளம், பிளஸ் 7-க்கு மேல் என்றால் லா நினா. "தொடர்ந்து" என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். டஹிட்டி அருகே ஒரு புயல் சின்னம் கடந்தால் அன்றைய எண் தலைகீழாகிவிடும். தினசரி எண்ணைப் பார்த்துச் செய்தி எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். மூன்று மாதச் சராசரிக்குக் குறைந்த எதையும் நம்ப வேண்டாம்.

படி 5: காலண்டரைப் பாருங்கள்

மார்ச் முதல் மே வரை செய்யும் கணிப்புகள் மோசமானவை. பசிபிக்கின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு அப்போதுதான் மிகக் குறைவு. ஒரு சிறிய காற்று மாற்றமும் முழுக் கதையையும் திருப்பிவிடும். ஆய்வாளர்கள் இதை வசந்தகாலத் தடை என்கிறார்கள். ஜூன், ஜூலை தாண்டிவிட்டால் அதே முறைகள் திடீரென்று நன்றாக வேலை செய்யத் தொடங்கும்.

2014 ஒரு நல்ல பாடம். அவ்வாண்டின் முதல் மாதங்களில் கடலுக்கடியில் மிகப் பெரிய கெல்வின் அலை ஒன்று ஓடியது. 1997-ஐப் போல வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஆண்டின் நடுவில் காற்று கைவிட்டது, எல்லாம் வடிந்துபோனது. எதிர்பார்த்த பெரிய எல் நினோ 2015-இல்தான் வந்தது. 2017-லும் ஆண்டின் தொடக்கத்தில் பல கணினி மாதிரிகள் எல் நினோவைக் காட்ட, ஆண்டு இறுதியில் வந்து நின்றது லா நினா. ஆகவே ஏப்ரலில் யாராவது 80 சதவீதம் என்று சொன்னால், உங்கள் தாளில் 55 என்று எழுதுங்கள். ஆகஸ்டில் அதே ஆள் அதே எண்ணைச் சொன்னால், அப்படியே எழுதலாம்.

படி 6: மாதிரிகளின் கற்றையை வாசியுங்கள்

மார்க் கேனும் ஸ்டீபன் ஸீபியாக்கும் 1986-இல் ஒரு எளிய கணினி மாதிரியைக் கொண்டு எல் நினோவை முன்கூட்டிச் சொன்ன நாளிலிருந்து, மாதிரிகள் பெருகிவிட்டன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஐஆர்ஐ என்ற காலநிலை ஆய்வு நிறுவனம் இருபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளின் கணிப்பை ஒரே படத்தில் கற்றையாக மாதந்தோறும் வெளியிடுகிறது. நோவாவின் அதிகாரப்பூர்வ அறிக்கை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வியாழக்கிழமை வரும். அதில் எல் நினோ, சமநிலை, லா நினா மூன்றுக்கும் தனித்தனி வாய்ப்பு விகிதம் இருக்கும். 2019-இல் ஹாமும் அவருடைய சகாக்களும் ஆழ்கற்றல் முறையில் ஒன்றரை ஆண்டு முன்பே கணிக்க முடியும் என்று காட்டியதும் இந்தத் துறையில் பெரிய அதிர்வை உண்டாக்கியது.

கற்றையைப் பார்க்கும்போது நடுக்கோட்டை விட அகலத்தைக் கவனியுங்கள். 25 கோடுகளில் 20 கோடுகள் 0.5-க்கு மேலே இருந்தால் 80 சதவீதம் என்று எண்ணத் தோன்றும். அவை தனித்தனி சாட்சிகள் அல்ல. ஒரே தரவை உண்டு வளர்ந்தவை, ஒரே மாதிரிக் குறைகள் உடையவை. எனவே அந்த 80-ஐ நீண்டகாலச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுங்கள். 1950 முதலான பட்டியலில் எல் நினோ, லா நினா, சமநிலை மூன்றும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீதம் வந்திருக்கின்றன.

படி 7: கடலிலிருந்து உலக வெப்பநிலைக்கு

இப்போது உண்மையான கணக்கு. பசிபிக் சூடானதும் உலகம் உடனே சூடாவதில்லை. கடலிலிருந்து ஆவியான நீர் மழையாகும்போது வெளிவிடும் வெப்பம், வெப்பமண்டலம் முழுக்கப் பரவி, பிறகு மற்ற கடல்களையும் நிலத்தையும் எட்ட மூன்று முதல் ஆறு மாதம் ஆகிறது. கணக்கின் எளிமைக்காக நான்கு மாதம் என்று வைத்துக்கொள்வோம். அளவைப் பொறுத்தவரை, நினோ 3.4 ஒரு டிகிரி ஏறினால் உலகச் சராசரி சுமார் 0.1 டிகிரி ஏறும். உங்கள் தாளில் இரண்டு வரிசைகளையும் போட்டு, நான்கு மாதம் தள்ளி ரிக்ரஷன் (ஒன்று ஏறினால் மற்றது எவ்வளவு ஏறுகிறது என்று காணும் கணக்கு) செய்தால் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும். ஒரு எச்சரிக்கை: அதைச் செய்வதற்கு முன் இரண்டிலும் நீண்டகாலப் போக்கை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் பசுமைக்குடில் வெப்பத்தின் ஒரு பகுதி எல் நினோவின் கணக்கில் ஏறிவிடும். அதையே பின்னர் போக்கிலும் கூட்டுவீர்கள்.

சூத்திரம் இவ்வளவுதான்: ஆண்டின் வெப்பநிலை = போக்குக் கோட்டின் மதிப்பு + 0.1 × (முந்தைய ஆண்டு செப்டம்பர் முதல் இந்த ஆண்டு ஆகஸ்ட் வரையிலான நினோ 3.4 சராசரி).

2024-ஐ எடுத்துப் பார்ப்போம். 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை நினோ 3.4 விலகல் 1.6-இல் தொடங்கி, டிசம்பரில் 2-ஐத் தொட்டு, ஆகஸ்டில் பூஜ்யத்துக்கு இறங்கியது. பன்னிரண்டு மாதச் சராசரி சுமார் 1.1. அதை 0.1-ஆல் பெருக்கினால் 0.11 டிகிரி. மனிதர்களால் உண்டான வெப்பம் 2024-இல் 1850–1900 அளவைவிட 1.36 டிகிரி என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதையே போக்குக் கோட்டின் மதிப்பாக வைப்போம். கூட்டினால் 1.47. பிரிட்டன் வானிலை அலுவலகம் 2023 டிசம்பரிலேயே வெளியிட்ட கணிப்பு 1.34 முதல் 1.58 வரை, மையம் 1.46. உலக வானிலை அமைப்பு கடைசியில் அறிவித்தது 1.55, கூட்டல் கழித்தல் 0.13. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளக்கூடிய வெற்றி.

டிசம்பரில் செய்யும் கணிப்பு பலிப்பதற்குக் காரணத்தையும் கவனியுங்கள். அந்தப் பன்னிரண்டு மாதங்களில் நான்கு ஏற்கெனவே அளந்து முடிந்தவை. அடுத்த மூன்று மாதம் உச்சத்திலிருந்து இறங்கும் பாதை, அது எளிதில் தெரியும். கடலை அதிகம் கணிக்காமலே காற்றின் வெப்பநிலையைக் கணித்துவிடுகிறோம்.

இப்போது அதே சூத்திரம் 2023-இல் என்ன செய்தது என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் லா நினா, மைனஸ் 1. 2023 ஆகஸ்டில் எல் நினோ, பிளஸ் 1.3. கூட்டிக் கழித்தால் சராசரி கிட்டத்தட்ட பூஜ்யம். போக்கின் மதிப்பு 1.31; எனவே 1.30 வர வேண்டும். வந்தது 1.45. இந்த 1.31 என்பதே பிற்பாடு, 2023-இன் தரவையும் சேர்த்து மதிப்பிட்டது. 2022 முடியும்போது கணித்த பிரிட்டன் வானிலை அலுவலகம் 1.08 முதல் 1.32 வரை என்று சொல்லியிருந்தது. உண்மை அந்த எல்லைக்கு வெளியே போய்விட்டது. நாசாவின் கேவின் ஷ்மிட், கணிப்புகள் 0.2 டிகிரி தவறிவிட்டன, இதை மாதிரிகளால் விளக்க முடியவில்லை என்று 2024 மார்ச்சில் வெளிப்படையாகவே எழுதினார்.

இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் விடையின் மேல் எவ்வளவு பிழை வைக்க வேண்டும் என்பது புரியும். ஒற்றை எண்ணை ஒருபோதும் சொல்லாதீர்கள். கூட்டல் கழித்தல் 0.12 என்பது நியாயமான எல்லை. அதற்குள்ளும் சில ஆண்டுகள் அடங்காது.

படி 8: கடலில் இல்லாத காரணங்கள்

பெரிய எரிமலை வெடித்தால் எல்லாக் கணக்கையும் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குங்கள். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபின் உலகம் அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. அப்போது நடந்துகொண்டிருந்த எல் நினோவின் சுவடே உலகச் சராசரியில் தெரியவில்லை. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி 0.1 டிகிரி அளவுக்கு மேல் அசைக்காது. 2020 முதல் கப்பல் எரிபொருளில் அனுமதிக்கப்படும் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கடல் மேல் வெயிலைத் திருப்பியடித்த மேகப் படலம் அதனால் மெலிந்தது. 2023-இல் கணக்குக்கு மிஞ்சி வந்த வெப்பத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதில் பலருக்கு உடன்பாடு. எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை.

நீண்ட சுழற்சிகள்: இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்

பசிபிக் பத்தாண்டு ஊசலாட்டம் என்று ஒன்று உண்டு. வட பசிபிக்கின் வெப்பநிலை அமைப்பு இருபது, முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை புரள்வதை, 1990-களில் அலாஸ்காவின் சால்மன் மீன் வரத்தை ஆராய்ந்தவர்கள்தான் பெயரிட்டு வெளிக்கொண்டுவந்தார்கள். 1925, 1947, 1977 ஆகிய ஆண்டுகளில் அது திசை மாறியதாகப் படம் காட்டும். உடனே கை அரிக்கும்: அலைகோடு ஒன்றை வரைந்து எதிர்காலத்துக்கு நீட்டலாமே! 2000-களின் இறுதியில் அந்த ஊசலாட்டம் குளிர்ப்பக்கம் சாய்ந்தபோது, 2030 வரை உலகம் குளிரப்போகிறது என்று அப்படி நீட்டியவர்கள் உண்டு. அதற்குப் பிந்தைய பத்தாண்டுதான் அதுவரை அளந்ததிலேயே வெப்பமான பத்தாண்டு.

ஒன்றரை நூற்றாண்டுத் தரவில் அறுபது ஆண்டுச் சுழற்சி இரண்டரை முறைதான் வரும். அதைச் சுழற்சி என்று அழைப்பதே துணிச்சல். பசிபிக் ஊசலாட்டத்தின் பெரும்பகுதி, அடுத்தடுத்து வரும் எல் நினோக்களும் லா நினாக்களும் வட பசிபிக்கில் விட்டுச்செல்லும் தடம். வட அட்லாண்டிக் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சூடாகிக் குளிர்வதாகச் சொல்லும் அட்லாண்டிக் பல்பத்தாண்டு ஊசலாட்டத்தின் நிலை இன்னும் மோசம். அதற்குப் பெயர் சூட்டிய காலநிலை ஆய்வாளர் மைக்கேல் மேனே, அது கடலின் சொந்தச் சுழற்சி அல்ல, எரிமலைகளும் தொழிற்சாலைப் புகையும் உண்டாக்கிய தோற்றம் என்று பின்னர் வாதிட்டார்.

பயனே இல்லை என்று ஒதுக்கவும் முடியாது. 1998-க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் வெப்பமேற்றம் மெதுவானதுபோல் தோன்றியதை, கிழக்குப் பசிபிக்கின் குளிர்ச்சியை மட்டும் மாதிரியில் ஊட்டி ஆய்வாளர்கள் கொசாகாவும் ஷியும் 2013-இல் அப்படியே வரவழைத்துக் காட்டினார்கள். நடந்து முடிந்ததை விளக்க நீண்ட சுழற்சிகள் உதவும். முன்கூட்டிச் சொல்ல, உங்கள் தாளில் அவற்றுக்கு ஒரு நெடுவரிசை ஒதுக்கத் தேவையில்லை.

நம் மழைக்கு இதைப் பயன்படுத்தலாமா?

கொஞ்சம். எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை மெலிவதும், தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை வலுப்பதும் வழக்கம். 2015-இல் எல் நினோ, சென்னை மூழ்கியது. 2016-இல் லா நினா, வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அந்த வறண்ட பருவத்திலேயே வர்தா புயலும் சென்னையைப் புரட்டிப்போட்டது. 2021-இல் லா நினா இருந்தும் நவம்பரில் வெள்ளம். நூற்றாண்டின் பெரிய எல் நினோக்களில் ஒன்றான 1997-இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை பொய்க்கவே இல்லை. அதற்குக் காரணமான இந்தியப் பெருங்கடல் இருமுனையை 1999-இல் ஷாஜியும் கோஸ்வாமியும் வினயசந்திரனும் யமகட்டாவும் அடையாளம் காட்டினார்கள்: ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறி, சுமத்ரா பக்கம் குளிர்வது. அதைச் சில மாதங்களுக்கு முன்புதான் நம்பிக்கையோடு சொல்ல முடியும். மழைக்கணிப்பு வேண்டும் என்பவர்கள் இரண்டு கடல்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

படி 9: மதிப்பெண் போடுங்கள்

கணிப்பை எழுதிய தேதியோடு பூட்டி வையுங்கள். பிறகு திருத்தக் கூடாது. முடிவு தெரிந்ததும் பிரையர் மதிப்பெண் போடுங்கள்: நீங்கள் சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, இல்லாவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். 70 சதவீதம் என்று சொல்லி எல் நினோ வந்தால் 0.09, வராவிட்டால் 0.49. குறைந்த எண்தான் நல்லது. எதையும் பார்க்காமல் எப்போதும் மூன்றில் ஒன்று என்று சொல்லும் சோம்பேறிக்கு, வந்தால் 0.44, வராவிட்டால் 0.11. பல ஆண்டுகளின் சராசரியில் அந்தச் சோம்பேறியை நீங்கள் வெல்ல வேண்டும். அடுத்ததாக, இந்த மாத விலகல் அப்படியே தொடரும் என்று மட்டும் சொல்லும் கணிப்பையும் வெல்ல வேண்டும். இலையுதிர்காலத்தில் அதை வெல்வது நினைப்பதைவிடக் கடினம்.

உலக வெப்பநிலைக்கும் இதே ஒழுங்கு. போக்குக் கோட்டை மட்டும் நீட்டிச் சொன்ன விடை ஒரு நெடுவரிசை, எல் நினோவைச் சேர்த்த விடை இன்னொன்று, உண்மையில் வந்தது மூன்றாவது. 1980 முதலான பழைய ஆண்டுகளுக்கும் இதைச் செய்து பாருங்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் அதற்கு முந்தைய ஆண்டுவரையிலான தரவை மட்டுமே பயன்படுத்துங்கள். 1983-லும் 1992-லும் எவ்வளவு தவறுகிறீர்கள் என்று பார்த்தால் எரிமலைகளின் பலம் தெரியும். நேரடிக் கணிப்பைப் பதிவுசெய்யத் தொடங்க ஜூன் அறிக்கை நல்ல இடம். மார்ச்சில் தொடங்கினால் முதல் ஆண்டே சோம்பேறியிடம் தோற்று, தாளை மூடிவிட வாய்ப்பு அதிகம்.